மாப்பிள்ளை அறைக்குப் பச்சை

சைதூனின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு பச்சைத் திட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சோற்றுச் சஹன் தட்டு அகலம். இடப்பக்கத் திட்டுக்கு அவள் தம்பி பெண்டாட்டி கரீமா ‘வெற்றிலைக் கொழுந்து’ என்று பேர் வைத்திருந்தாள். வலப்பக்கத் திட்டுக்குத் தம்பி மீரா சாகிபு ‘வாழைக் குருத்து’ என்று வைத்திருந்தார். வெளியாள் யாராவது பார்த்தால் இரண்டும் ஒரே வாளியிலிருந்து எடுத்தது என்றுதான் சொல்வார்கள்.

வீட்டில் எல்லோரும் அவளிடம் கேட்டாகிவிட்டது. எது நல்லா இருக்கு? எது துணியோட ஒத்துப்போகுது? எது கண்ணை உறுத்தலை? கடையில் அரிசி அளக்கிற ஆள்கூடத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, “லாத்தாவுக்கு எது பிடிச்சிருக்காம்?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவளுடைய கட்டிலை இனி எங்கே போடுவது என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

அவர்கள் வழக்கத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். மீரா சாகிபு மட்டும் கடையை விட முடியாமல் பெண்டாட்டியை இங்கே கூட்டிவந்துவிட்டார். வருகிறவனுக்குப் பெண்ணைப் பெற்றவர் ஓர் அறையை ஒதுக்கி, சாயம் அடித்து, கட்டில் போட்டு, இரு பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். காட்டிய நாளிலிருந்து அந்த அறை பெண்ணுக்கு. குருண் ஊரின் பாசார் தெருவில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் வீடுமாக இதைக் கட்டிய சைதூனின் வாப்பா, இந்த அறையை அப்படித்தான் அவளுக்குக் கொடுத்தார். அவளுடைய மாப்பிள்ளை இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். மவுத்தாகி நாலு பேர் தோளில் வெளியே போனதும் இதே வாசல் வழியாகத்தான். பிள்ளை இல்லை. அறை மட்டும் மிச்சம்.

இப்போது மீரா சாகிபின் மகள் ஜரீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கவுஸ், அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில் மெர்கோங்கில் கடை வைத்திருக்கும் முகம்மது ஹனீபாவின் மகன். பெரிய இடம். மாப்பிள்ளையின் உம்மா ஒரு விரல் அகலப் பச்சைப் பட்டுத் துணியைக் கத்தரித்து அனுப்பி, “எங்க வீட்டு அறைங்க எல்லாம் இந்தப் பச்சைதான். எங்க பையன் கண்ணுக்கும் இதுதான் பழக்கம்” என்று சொல்லி விட்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

சாயம் கரைக்கிறவன் அந்தோணிதாஸ். கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பு லயங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிற ஆள். துணியைப் பார்த்துக் கரைத்து ஒரு திட்டு அடித்தான். மீரா சாகிபு, “கொஞ்சம் மஞ்சள் தட்டட்டும்பா” என்றதால் பக்கத்தில் இன்னொன்று அடித்தான். மீரா சாகிபு பகலில் வந்து, துணியை ஒட்டிப் பார்த்து, வாழைக் குருத்துதான் என்று முடிவு கட்டினார். அந்தோணிதாஸ் வேலை முடித்துக் கிளம்பும்வரை பெண்கள் அடுப்படிப் பக்கத்தை விட்டு வரமாட்டார்கள். அவன் போன பிறகு கரீமா சிம்னி விளக்கோடு வந்து, அதே துணியை ஒட்டிப் பார்த்து, வெற்றிலைக் கொழுந்துதான் என்று முடிவு கட்டினாள்.

“வாழைக் குருத்தா? உங்களுக்குக் கண்ணு தெரியுதா இல்லியா? வெறும் வெள்ளைச் சுவரு மாதிரி இருக்கு.”

“உன் கொழுந்து கறுத்துப்போய்க் கிடக்குடி. பாசி பிடிச்ச கெணறு மாதிரி.”

இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். அந்த அறையின் ஜன்னல் பக்கத்துச் சந்தின் மேல் திறக்கும். தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வரும் மாட்டு வண்டிகள் சந்தில்தான் நிற்கும் என்பதால் பெண்கள் இருக்கும்போது ஜன்னல் சாத்தியே இருக்கும். ஆண்கள் பார்த்தது வெயில் விழும் சுவரை. பெண்கள் பார்த்தது விளக்கு விழும் சுவரை. ஒரே சுவரைப் பற்றித்தான் சண்டை போடுகிறோம் என்று இரு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தது. வண்டிகள் வருவதற்கு முன் விடியற்காலையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொள்கிறவள் சைதூன் ஒருத்திதான். இரண்டு வெளிச்சத்திலும் அந்தச் சுவரைத் தெரிந்தவளும் அவள்தான்.

அதனால்தான் மீரா சாகிபு அக்காவிடம் வந்து நின்றார்.

“லாத்தா, நீங்க பகல்லயும் பார்க்குறீங்க, ராத்திரியிலயும் பார்க்குறீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. இதுவா, அதுவா?”

“என் கட்டிலை எங்க போடப் போறே?”

“அது அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல சாயம்.”

“முதல்ல கட்டில்.”

மீரா சாகிபு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “கல்யாணம் முடியறவரைக்கும் பின்னாடி சாக்கு அறையில இருந்துக்குங்க. அங்க நல்ல காத்து வரும்.”

“கருவாட்டுக் காத்து.”

“மூட்டையெல்லாம் எடுத்துடச் சொல்றேன் லாத்தா. கல்யாண வீட்டுல எல்லாரும் கொஞ்சம் ஒதுங்கித்தானே இருக்கணும்? நம்ம ஜரீனாவுக்காக.” பிறகு சுவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மனசுல உங்களுக்கு வாழைக் குருத்துதானே?” என்றார்.

சைதூன் அடுப்படிக்குப் போய் அம்மியில் மிளகாயை வைத்து அரைக்க ஆரம்பித்தாள். அன்றைக்குக் குழம்புக்கு வேண்டியது ஒரு கை மிளகாய். அவள் அரைத்தது ஒரு வாரத்துக்குக் காணும்.

கோபம் சாக்கு அறைக்காக மட்டும் இல்லை. அவளுக்குள் பழைய கோபம் ஒன்று கிடந்தது. மாப்பிள்ளை மவுத்தாகி அவள் வெளியே வராமல் இத்தா இருந்த நாளில், துக்கம் விசாரிக்க வந்த யாரோ ஒருத்தி, “புருஷன் போனவ அறைக்குப் பச்சை என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் யாரென்றுகூட இப்போது யாருக்கும் நினைவில்லை. மறுநாளே மீரா சாகிபு அவளை அடுப்படி மூலையில் உட்காரவைத்துவிட்டு, கூலி லயத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் கொண்டுவந்து பச்சைக்கு மேல் பூசவைத்தார். உள்ளே திரும்பிப் போனபோது அது வேறு யாரோ வீட்டு அறையாக இருந்தது. அன்றைக்கும் அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றைக்கு அழுதுகொண்டிருந்தாள், கோபப்பட நேரம் இல்லை. விட்டுப்போன கோபத்தையும் சேர்த்து இப்போது அரைத்தாள்.

அடுத்த நாள் அந்தோணிதாஸ் வாசலில் நின்று வழக்கம்போல் பலமாக இருமினான். ஆம்பிளை வருகிறான், பெண்கள் உள்ளே போங்கள் என்பதற்கு அது அடையாளம். சைதூன் எழுந்து நடைப்பக்கம் போய்த் திரைக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்படிக்குப் போகவில்லை.

“பெரியம்மா அங்கதான் இருக்கீங்களா? தூசி பறக்கும்லா. சுவரைச் சுரண்டப் போறேன்.”

“சாயம் எதுன்னே இன்னும் முடிவாகலை. அதுக்குள்ள எதுக்குச் சுரண்டறே?”

“எது அடிச்சாலும் பழைய சுண்ணாம்பு உரிஞ்சு வரும் பெரியம்மா. அடியைத் தட்டிப் பார்த்துத்தான் அடிக்கணும்.” கரகரவென்று சத்தம் கேட்டது. “என்னைக் கேட்டா ரெண்டும் சாமாதான்லா. ஒரே பொடி. ஒண்ணுல நீலம் ஒரு சிட்டிகை, ஒண்ணுல மஞ்சள் ஒரு சிட்டிகை. இதுக்குப் போய் முதலாளியும் முதலாளியம்மாவும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்க. எங்க தோட்டத்துல கோயில் சுவருக்குக்கூட இவ்வளவு சுசா, இவ்வளவு தொல்லை இல்லை.”

சத்தம் நின்றது.

“அட. அடியில பச்சை இருக்கே. நல்ல கெட்டிப் பச்சை. இது யாரு அடிச்சது?”

“என் வாப்பா.”

“அப்புறம் ஏன் வெள்ளை?”

திரைக்குப் பின்னால் முக்காலி கிறீச்சிட்டது. அந்தோணிதாஸ் பேச்சை மாற்றுகிறவன் போல, “அது இருக்கட்டும். சாக்கு அறைக்கு வெறும் வெள்ளை போதும்னாரு முதலாளி. பெரியம்மாவுக்குன்னா வெள்ளைதானேன்னாரு. சுவத்துல அலமாரிப் பலகைக்கு நாலு கட்டை அடிச்சுக் குடுக்கச் சொன்னாரு. கட்டை எந்த உயரத்துக்கு வேணும்னு உங்களைக் கேட்டுக்கச் சொன்னாரு” என்றான்.

“என்ன அலமாரி?”

“உங்க சாமானு வைக்கத்தான். பெட்டி, குர்ஆன், துணிமணி. ஜன்னலுக்குக் கம்பியும் போடணுமாம். பெரியம்மா இனி தனியா இருக்கப்போற இடம், பத்திரமா இருக்கட்டும்னு சொன்னாரு. நல்ல தம்பி பெரியம்மா உங்களுக்கு.”

கல்யாணம் முடியும்வரை இருக்கிறவளுக்குச் சுவரில் கட்டை அடிப்பார்களா? ஜன்னலுக்குக் கம்பி போடுவார்களா? சைதூன் எழுந்தபோது முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் அதை எடுத்து நிறுத்தவில்லை.

அடுப்படியில் கரீமா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஜரீனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“அலமாரிக் கட்டை எந்த உயரத்துக்கு வேணும்னு கேக்கறான். என்ன சொல்ல?”

கரீமாவின் கை உரலிலேயே நின்றது. “மதினி, நான் சொல்லலை. அவங்கதான்...”

“நீ சொல்லலை. என் தம்பி சொன்னான். நீ விளக்கைத் தூக்கிக்கிட்டு வந்து பச்சையை மட்டும் பார்த்தே. அங்க ஒரு கட்டில் கிடந்துச்சே, அது உன் கண்ணுக்குத் தெரியலியா? அந்த விளக்கை அதுமேலயும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.”

“வேற எந்த அறையைக் குடுக்க? முன் அறை எங்களுது. மீதி எல்லாம் கடைச் சாமானு. நீங்க ஒத்தை ஆளு.”

“ஒத்தை ஆளுன்னு சொல்லு. அதைத்தான் யாராவது வாயைத் திறந்து சொல்லணும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

ஜரீனா துருவுவதை நிறுத்திவிட்டு, “மாமி, எனக்கு இது தெரியாது” என்றாள்.

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உன்னையும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

மாப்பிள்ளையின் உம்மா, மெர்கோங் மாமி, அறை பார்க்க ரயிலில் வந்து இறங்கினாள். கூட இரண்டு உறவுக்காரப் பெண்கள். உயரமான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, கையில் அதே பட்டிலிருந்து கத்தரித்த இன்னொரு துண்டு. அவள் அனுப்பியதை இங்கே ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. மீரா சாகிபு நடையில், திரைக்கு வெளியே நின்றுகொண்டார். அந்நியப் பெண்கள் இருக்கும் அறைக்குள் அவர் வர முடியாது.

வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னலைச் சாத்தி, கரீமா விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மெர்கோங் மாமி துணியை இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் வைத்துப் பார்த்தாள். மறுபடி இடப்பக்கம்.

“இதுவும் சரிதான். அதுவும் சரிதான். ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணு இல்லை மாமி, நல்லாப் பாருங்க. இது கொழுந்து,” என்றாள் கரீமா.

“குருத்துதான் துணியோட சேரும்,” என்றது திரை.

மெர்கோங் மாமி திரையை ஒரு பார்வை பார்த்தாள். கரீமா அவசரமாகப் பக்கத்தில் திரும்பி, “மதினி, நீங்க சொல்லுங்களேன். ரெண்டு வெளிச்சத்துலயும் பார்த்தவங்க நீங்கதானே” என்றாள்.

சைதூன் நேரே போய் ஜன்னலின் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். சந்தில் நின்ற வண்டி மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. வந்த பெண்கள் சட்டென்று முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். கரீமாவின் கையில் விளக்கு எரிந்துகொண்டே ஒன்றுக்கும் உதவாததாகிவிட்டது.

“வெளிச்சத்துல பாருங்க,” என்றாள் சைதூன்.

மெர்கோங் மாமி பார்த்தாள். இரண்டு திட்டையும் விட்டுவிட்டு அவள் கண் எதிர்ப்பக்கம், கட்டில் தலைமாட்டுச் சுவரில், அந்தோணிதாஸ் சுரண்டிய இடத்துக்குப் போயிற்று. குனிந்து துணியை அங்கே வைத்தாள். துணி சுவரோடு சுவராகிவிட்டது.

“இது என்ன மூணாவது? இதுதான் எங்க வீட்டுப் பச்சை. இதை விட்டுட்டு அந்த ரெண்டுலயும் ஏன் அலையறீங்க?”

கரீமா விளக்கைத் தாழ்த்தினாள்.

“இது யாருக்கு அடிச்சது?”

“எனக்கு,” என்றாள் சைதூன். “என் கல்யாணத்துக்கு. என் வாப்பா என் மாப்பிள்ளைக்குக் காட்டிக் குடுத்த அறை இது. அவங்க மவுத்தானதும் மேல வெள்ளை அடிச்சாங்க. என்னைக் கேக்கலை. இப்ப வெள்ளைக்கு மேல உங்க பச்சையை அடிக்கப் போறாங்க. எந்தப் பச்சைன்னு மட்டும் கேக்கறாங்க.”

திரை அசைந்தது. “லாத்தா, வந்தவங்க முன்னாடி இதெல்லாம்... நீங்க சம்மதிச்சுத்தானே இருந்தீங்க?”

“எப்ப?”

“வேணாம்னு நீங்க சொல்லவே இல்லையே.”

“வேணுமா வேணாமான்னு நீ கேக்கவே இல்லையே. கொழுந்தா குருத்தான்னுதான் கேட்டே. ரெண்டுல ஒண்ணை நான் சொல்லியிருந்தா, லாத்தாவே பார்த்துச் சொன்ன பச்சைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கலாம். நான் சாக்கு அறையில கருவாட்டோட படுத்துக்கிட்டு அதையும் கேட்டுக்கிட்டு இருக்கணும்.”

அவள் குரல் உயரவில்லை. கடையில் இருந்த ஆட்களுக்கு அது நன்றாகக் கேட்டது.

மெர்கோங் மாமி கட்டிலில் உட்கார்ந்தாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். பிறகு சைதூனைப் பார்க்காமல், திரையைப் பார்த்துப் பேசினாள்.

“சம்பந்தி, கேட்டுக்குங்க. மகளுக்குன்னு குடுத்த அறையை, ஆம்பிளை இல்லைன்னதும் எடுத்துக்கலாம்னா, நீங்க இன்னைக்கு ஜரீனாவுக்குக் குடுக்கறது என்ன? நாளைக்கு இந்த வீட்டு ஆம்பிளை எவனாவது வந்து எடுத்துக்குவான். எங்க கவுசு பெட்டியோட வந்து இறங்கறது யாரு அறையில? இன்னொருத்தி கட்டிலை இழுத்துப் போட்ட இடத்துலயா? மெர்கோங்ல இதைச் சொன்னா எங்க வீட்டு வாசல்ல நின்னு சிரிப்பாங்க.”

“மாமி, அப்படி இல்லை...” என்றாள் கரீமா.

“அப்படித்தான். யாருக்கும் குடுக்காத அறை ஒண்ணு காட்டுங்க. அப்புறம் சாயத்தைப் பேசலாம். இல்லைன்னா நான் சாயங்கால ரயிலுக்குப் போறேன்.”

அவள் பேச்சில் சைதூனுக்காக ஓர் இரக்கமும் இல்லை. தன் மகனுக்கு வருகிற அவமானத்தைத்தான் அவள் பார்த்தாள். சைதூனுக்கு அதுவே போதுமாக இருந்தது. இரக்கப்பட்டு யாராவது தன் தோளில் கை வைத்திருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

அந்த வீட்டில் யாருக்கும் கொடுக்காத அறை என்று ஒன்றுதான் இருந்தது. மீரா சாகிபும் கரீமாவும் படுக்கிற முன் அறை. திரைக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நடையில் இரண்டு முறை போய் வந்தது. கடைசியில், “முன் அறையைத் திறந்து காட்டு கரீமா” என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். செருப்பு ஒன்றை நடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தம்பி அக்காவோடு பேசவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் அவள் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். சாக்கு அறைக்கு அந்தோணிதாஸ் வெள்ளை அடித்து, கட்டை அறைந்து, ஜன்னலுக்குக் கம்பியும் போட்டான். அங்கே மீரா சாகிபின் சட்டைகள் தொங்கின. கரீமா கருவாட்டு வாடைக்குச் சாம்பிராணி போட்டுப் போட்டு, வீடே தர்கா மாதிரி ஆகிவிட்டது. சாம்பிராணிப் புகை சைதூனின் அறைக்கு வரும்போதெல்லாம் கரீமா வேண்டுமென்றே இரண்டு முறை தும்முவாள். சைதூன் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்தாள்.

முன் அறை வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்தோணிதாஸ் வாசலில் வந்து இருமினான். சைதூன் திரைக்குப் பின்னால் போனாள்.

“பெரியம்மா, இங்க என்ன செய்ய? சுவத்துல ரெண்டு திட்டும் அப்படியே கிடக்கு. சுரண்டின இடமும் அசிங்கமா இருக்கு.”

“முன் அறைக்கு எந்தப் பச்சை அடிச்சே?”

“பச்சையா? பச்சைன்னு பேச்செடுத்தாலே முதலாளி கையை ஓங்கறாரு. மெர்கோங்குக்குச் சொல்லிவிட்டு, ரோசாப்பூக் கலருக்கு ஒத்துக்க வச்சிட்டாரு. கரைச்ச பச்சைப் பொடி ரெண்டும் அப்படியே மிச்சம். முன்ன உங்க வாப்பா அடிச்ச மாதிரி கெட்டிப் பச்சை வேணும்னாலும் கரைச்சுத் தரேன்.”

சைதூன் யோசித்தாள். வாப்பா அந்தப் பச்சையை அடித்தபோதும் அவளைக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முந்திய வாரம் கதவைத் திறந்தார்கள், உள்ளே பச்சையாக இருந்தது. மாப்பிள்ளை பார்த்து நல்லா இருக்கு என்றார். அவளும் நல்லா இருக்கு என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் வெள்ளை. இப்போதுதான் ஒருத்தன் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, அவளுடைய அறைக்கு அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான்.

பதில் அவளிடம் இருந்தது. திட்டுகள் அடித்த மறுநாள் விடியற்காலை ஜன்னலைத் திறந்தபோதே இருந்தது. யார் கேட்டும் வாயைத் திறக்காமல் இத்தனை நாள் அதைப் பல்லுக்குள் வைத்திருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் வெளிறி, விடியும்போது சுவரிலேயே முளைத்து வருகிறது போலத் தெரிவது வலப்பக்கத் திட்டு. வாழைக் குருத்து. மீரா சாகிபு சொன்ன அதே பச்சை. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், பாவி. அதை நினைக்கும்போது அவளுக்கு மறுபடி ஆத்திரம் பொங்கியது.

“வலப்பக்கத்துது,” என்றாள்.

“முதலாளி சொன்னதா?”

“நான் சொன்னது.”

“சரி பெரியம்மா. சரி. இப்பவே மேல ஒரு பூச்சு விட்டுடறேன்.”

“மேல அடிக்காதே. முதல்ல அந்த வெள்ளையை எடு. ஒரு பொட்டு இல்லாம எடு.”

“முழுச் சுவரையுமா? சுசாலா அது. நாள் பிடிக்கும். நான் நாளைக்குத் தோட்டத்துக்குப் போகணும். அடுத்த வாரம் வந்து...”

“அந்தச் சுரண்டியை மட்டும் வச்சிட்டுப் போ.”

அவன் சுரண்டியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனான். சைதூன் கட்டிலைத் தானே நடுவுக்கு இழுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூரைக்குக் கீழே எட்டின இடத்திலிருந்து ஆரம்பித்தாள். காய்ந்த சுண்ணாம்பு சில்லுச் சில்லாக அவள் முடியிலும் மூக்கிலும் கொட்டியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கடையில் மீரா சாகிபு உட்காருகிற இடம். கரகரவென்ற சத்தம் அங்கே போய்ப் பல்லைக் கூசவைத்திருக்க வேண்டும்.

“உள்ள என்ன முதலாளி சத்தம்? எலியா?” என்று யாரோ வாடிக்கைக்காரர் கேட்டார்.

மீரா சாகிபு தொண்டையைக் கனைத்தார். பிறகு சுவரில் ஒரு தட்டுத் தட்டினார்.

சைதூன் தன் பக்கத்திலிருந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி சுரண்டினாள்.